வெறுந்தகட்டில் வைத்த பொட்டு

சோழவரம் ஏரிக்கு இந்தப் பக்கம், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி இரண்டு தகர ஷெட்டு. ஒன்று என்னுடையது; எஞ்சின் வேலை. இன்னொன்று ஆதிநாராயணனுடையது, டிங்கர் வேலை, பெயிண்ட் வேலை. நடுவில் ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும். பதினேழு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவனைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்தது அஞ்சாவது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவன் திருவாலங்காட்டில் பிறந்தவன். அப்பன் ரயில் ரோட்டில் கேங்மேன். அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். அப்பனும் இவனுக்குப் பத்து வயசில் வாந்திபேதியில் போய்விட்டான். சித்தப்பன் ஒருவன் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஒரு பஸ் ஷெட்டில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். இருபது வருஷம் அங்கே பஸ் தகடு சுரண்டிவிட்டு, ஐம்பத்தேழில் சோழவரத்துக்கு வந்து சொந்தமாக ஷெட் போட்டான். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், ஆறு சுத்தியல். அதற்குப் பிறகும் அவனுக்குச் சேர்ந்தது சுத்தியல்தான். பதினொன்றானது.

துரு என்றால் அவனுக்குப் பகையாளி மாதிரி. "தண்டவாளத்த பாத்துக்கிறியா? சக்கரம் ஓடற எடம் மட்டும் பளபளன்னு இருக்கும். மத்த எடமெல்லாம் துரு. தகடு சும்மா இருந்தா கெட்டுப்பூடும் நைனா" என்பான். அவன் நிறையப் பேசியதாக எனக்கு நினைவிருக்கிற பேச்சில் இது ஒன்று.

வேலையை அவன் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய பெயிண்டைக் காஸ்டிக் சோடா போட்டு ஊறவைத்து வழித்து எடுப்பான். மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பான். அதோடு மற்றவன் விட்டுவிடுவான். இவன் விடமாட்டான். தகட்டில் குழி குழியாக இருக்குமே, அதற்குள் துரு கடைவாய்ப் பல்லில் சோறு மாட்டின மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை ஆசிட் தொட்டுத் தொட்டு, ஊசி மாதிரி ஒரு கம்பியை வைத்து நோண்டி எடுப்பான். பிறகு உப்புத்தாள். பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவைத்து, தின்னர் போட்டு ஒரு துடை. அப்போது தகடு வெள்ளி மாதிரி இருக்கும். அந்த நிமிஷத்திலிருந்து முதல் பூச்சாக ரெட் ஆக்சைடு அடிக்கிறவரை அதை மனுஷக் கை தொடக்கூடாது. வேர்வையில் உப்பு இருக்கிறது, தொட்ட இடம் பெயிண்டுக்கு அடியில் துரு கட்டிக் கொப்புளமாக எழும்பும் என்பான். பொழுது சாயுமுன் அடித்துவிட வேண்டும். ஏரிக் காற்று ஒரு ராத்திரி பட்டால் போதும், காலையில் தகடு சிவந்திருக்கும்.

அவனே தொடவேண்டி வந்தால் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொள்வான். லாரிக்காரர்கள் கேலி பண்ணுவார்கள்.

"இன்னா ஆதி, காலுக்குப் போடறத கையில போட்டுகினு கீற?"

"உன் கைய விட அது சுத்தம்."

ஒருதரம் நான் தெரியாமல் அவன் தேய்த்து வைத்திருந்த கதவு மேல் சாய்ந்துவிட்டேன். மூணு மாசம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட ஆளோடு யார் பழகுவார்கள்? ஷெட்டுக்குள் ஒருத்தனையும் விடமாட்டான். தனியாகத் தின்பான், தனியாகப் படுப்பான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் ஏரிக்கரையில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எதிர்க்கரையில் ஒன்றும் கிடையாது. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஷெட்டுக்குள் போய்வந்த ஒரே ஆள் மணியம்மாள். கூடையில் சோறு கொண்டுவந்து ரோட்டோர ஷெட்டுகளில் விற்கிறவள். இருபத்து நாலு வயசில் புருஷன் போய்விட்டான். நான் சொல்கிற காலத்தில் முப்பத்தெட்டு இருக்கும். கடைசியாக ஆதி ஷெட்டுக்கு வருவாள். அவன் நின்றுகொண்டே தின்பான். அவள் கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகட்டில் தெரியாமல் கூடப் பட்டுவிடக்கூடாது என்று அவளாகச் செய்தது.

"கொழம்புல உப்பு பத்துதா?"

"பத்துது."

நாலு வருஷமாக இதுதான் பேச்சு. இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். அவள் ஒருநாள் வராவிட்டால் அவன் பத்துதரம் ரோட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபத்தஞ்சில் திருவள்ளூர் ராமபத்ர ஐயங்கார் ஒரு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் அப்பா வக்கீலாக இருந்தபோது ஓட்டிய ஆஸ்டின். மாட்டுக்கொட்டகையில் பதினாலு வருஷம் கிடந்த வண்டி. கோழி முட்டை போட்டிருந்தது. தரைத்தகட்டில் காலை வைத்தால் கால் ரோட்டில் நிற்கும்.

"தோப்பனார் வண்டிப்பா. தூக்கிப் போட மனசு வரலை. உன்னாலே முடியுமா?"

ஆதி வண்டியை ஒரு சுற்று வந்தான். மட்கார்டை விரலால் சுண்டிக் கேட்டான். "எஞ்சின் அவன் பாத்துக்குவான்" என்று என்னைக் காட்டினான். "தகடு நான் பாத்துக்கறேன். ஆறு மாசம் ஆவும் சாமி."

ஆறு மாசத்தில் ஐயங்கார் பலதரம் வந்தார். ஆதி வேலை செய்வதைத் தள்ளி நின்று பார்ப்பார். ஒருநாள் சொன்னார்: "எங்க அத்திம்பேர் ஜகந்நாதன் அம்பத்தூர் பக்கம் பஸ் பாடி கட்டற கம்பெனியிலே மேனேஜர். உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிண்டிருக்கார். பெயிண்ட் செக்ஷனுக்கு. நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் தருவா. இந்த வண்டி ஒரு மழைக்காலம் கொப்புளம் இல்லாம தாண்டட்டும். நானே அழைச்சிண்டு போறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் ஆதி என் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் வந்து உட்கார்ந்ததே அதிசயம்.

"குப்புராஜு, வீடு தராங்களாம்."

"கேட்டேன்."

"தகர ஷெட்டுல வந்து இருன்னு ஒரு பொம்பளைய கேக்க முடியாது. வீடுன்னா கேக்கலாம்."

யாரை என்று நான் கேட்கவில்லை. மணியம்மாள் ஜனத்தில் அறுத்துக்கட்டுவது, அதாவது புருஷன் போனவள் மறுபடி கட்டிக்கொள்வது, உண்டு. அவள் அண்ணன் அப்பாவு கும்மிடிப்பூண்டியில் அரிசி மில்லில் இருந்தான். அவன் ஒரு வார்த்தை சரியென்றால் போதும். அண்ணனோ அவளைத் தன்னோடு கூட்டிப்போக வருஷா வருஷம் வந்து நின்றுகொண்டிருந்தான். அவள் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தாள். ஆகையால் எல்லாமே அந்த ஒரு வண்டியின் மேல் நின்றது. ஒரு மழைக்காலம் தகடு தாங்கவேண்டும். அவ்வளவுதான்.

வண்டி முழுக்க ரெட் ஆக்சைடு ஏறிவிட்டது. எஞ்சினை மூடுகிற, இரண்டு பக்கமும் திறக்கிற பானெட் ஒன்றுதான் பாக்கி. ஆயுத பூஜைக்குள் முடித்துவிடுவது அவன் வழக்கம். அன்றைக்கு மட்டும் ஒரு தகடும் வெறுமையாக இருக்கவிடமாட்டான். ஏனென்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் புரட்டாசியில் பத்து நாள் மழை பிடித்துக்கொண்டது. பூஜை அன்றைக்குக் காலையில்தான் நல்ல வெயில். பானெட்டின் இரண்டு மடலையும் கழுவிக் காயவைத்துத் துடைத்து வைத்தான். சாயங்காலத்துக்குள் அடித்தாகவேண்டும். விட்டால் திரும்பவும் துரு.

எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் ஒரே பூஜை. வருஷா வருஷம் என் வீட்டுக்காரி முத்தம்மாள் வந்து பொட்டு வைப்பாள். அந்த வருஷம் அவள் பிரசவத்துக்கு ஊத்துக்கோட்டை போயிருந்தாள். பொரி, பழம், பூசணிக்காய் எல்லாம் வைத்துக்கொண்டு நானும் ஆதியும் டீக்கடை கோபாலும் நின்றோம். மணியம்மாள் கூடையோடு வாசலில் தள்ளி நின்றாள்.

"பொட்டு வெக்க ஆள் ஏது?" என்றான் கோபால். "நம்ம மூணு தடியனுங்க வெச்சா சரஸ்வதி எழுந்து ஓடிப்பூடுவா."

ஆதி திரும்பிப் பார்த்தான். "மணி, நீ வை."

"நானா? இன்னா பேசற நீ. நான் வெக்கக் கூடாது."

"கை கீதில்ல? வை."

"அதுக்கில்ல ஆதி" என்று கோபால் இழுத்தான். "சாஸ்திரம்னு ஒண்ணு..."

"உன் டீயில பால் ஊத்தணும்னுகூட சாஸ்திரம் கீது. ஊத்தறியா?"

கோபால் ஊதுபத்தியைக் கொளுத்தப் போனான். மணியம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். கொட்டாங்கச்சியில் கரைத்த சந்தனத்தை விரலால் தொட்டு எடுத்தாள். பதினாலு வருஷமாகக் குங்குமத்தைத் தொடாத கை. சுத்தியல், பட்டறைக்கல், வைஸ், கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள். நாங்கள் மூணு பேரும் பூசணிக்காய் உடைக்க ரோட்டுக்குப் போனோம்.

திரும்பி வந்தால் பானெட்டின் இடது மடலில், முன்பக்கமாக, ரூபாய் அகலத்துக்கு ஈரச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"வண்டிக்கும் வெச்சிட்டேன்" என்றாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நான் ஆதியைப் பார்த்தேன். தகட்டில் ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் கத்துகிறவன். இது தண்ணீரில் கரைத்த சந்தனம், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம், போதாததற்கு விரல். ஆதி பின்பாக்கெட்டிலிருந்து உப்புத்தாளை எடுத்துவிட்டான். அவள் முகம் சுருங்கியது.

"நான் வெச்சிருக்கக் கூடாதா?"

கோபால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆதி உப்புத்தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீது."

அவள் பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டாள். கையை முந்தானைக்குள் வைக்க மறந்துபோய் மடியில் வைத்திருந்தாள். ஏரி மேல் மேகம் கட்ட ஆரம்பித்தது. அரைமணி பொறுத்து, "பூஜை ஆயிடுச்சு, பெயிண்ட் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியால் பொட்டைத் துடைத்தான். குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி. மேலாக வந்ததே தவிர, மஞ்சளாக ஒரு வட்டம் தகட்டில் தங்கிவிட்டது. அதன் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்தான்.

மறுநாள் காலையில் நான் சும்மா இருக்கவில்லை. "டேய், அந்த எடத்த மட்டும் சொரண்டிட்டு மறுபடி அடி. அரைமணி வேலை."

"தெரியும்."

"தெரிஞ்சி?"

"மத்தியானம் அவ வருவா. அந்த எடம் தனியா தெரியும்."

"தெரிஞ்சா இன்னா இப்போ? தகட்டுக்கு ஆவாதுன்னு சொல்லேன்."

"தகட்டுக்கு ஆவாதுன்னு நான் சொல்லுவேன். அவளுக்கு எப்பிடி கேக்கும்? நல்ல காரியம்னா ஊரே அவள ஒதுங்கி நில்லுன்னுது. வை வைன்னு நானே கூப்ட்டு வெக்கச் சொல்லிட்டு, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதா?" என்றான். பிரஷ்ஷைத் தட்டி உதறிவிட்டு, "சின்ன எடம்தானே. தாங்கினாலும் தாங்கும்" என்றான்.

சின்ன இடம் தாங்கும் என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேறு எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் இவனே அடித்திருப்பான்.

கறுப்பு டியூகோ பெயிண்ட் நாலு கை அடித்து, பாலிஷ் போட்டு, ஐப்பசி பாதியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் ஐயங்கார். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மழைக்காலம் பூராவும் ஆதி சரியாகச் சாப்பிடவில்லை. தகரத்தில் மழை விழும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

மார்கழியில் வண்டி வந்து நின்றது. ஐயங்கார் இறங்கி, பானெட்டின் இடது மடலைக் காட்டினார். ரூபாய் அகலத்துக்கு உப்பியிருந்தது. ஓரத்தில் வெடித்துச் செம்பழுப்பாகக் கசிந்திருந்தது. வண்டியில் வேறு எங்கேயும் ஒரு புள்ளி கிடையாது.

"என்னப்பா இது? தண்ணி நிக்கற இடங்கூட இல்லையே. இங்கே எப்படி வரும்?"

மணியம்மாள் அப்போதுதான் கூடையோடு வந்து வாசலில் நின்றாள். வண்டி மூக்கை உள்ளே நீட்டி நின்றதால், அவள் நின்ற இடத்திலிருந்து பின்பக்கம்தான் தெரியும். ஆதி அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூஜைப் பொட்டு சாமி, தெரியாம வெச்சிட்டாங்க என்றால் போதும். ஆசாரமான மனுஷர், பூஜைப் பொட்டு என்றால் பொறுத்துக்கொள்வார். ஆனால் யார் வைத்தது என்று அடுத்துக் கேட்பார். வாசலில் நிற்கிறவள் காதில் அது விழும்.

"என் தப்பு சாமி" என்றான். "வேர்வைக் கையோட தொட்டுட்டேன்."

"நீயா? கையிலே காலுறை மாட்டிண்டு வேலை செய்யறவனா?"

"அன்னிக்கு மாட்டல."

ஐயங்கார் அந்தக் கொப்புளத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அத்திம்பேர் போன வாரம் ஆத்துக்கு வந்திருந்தார். முதல்லே அவர் கண்ணிலே பட்டதே இதுதான். நான் எந்த முகத்தை வச்சுண்டு இனிமே கேக்கறது, சொல்லு" என்றார்.

"வேணாம் சாமி. வண்டிய உட்டுட்டுப் போங்க. சரி பண்ணித் தரேன்."

பொங்கல் கழிந்து அப்பாவு வந்தான். இந்தத் தடவை மணியம்மாளிடம் சாக்கு இல்லை. கேட்கவேண்டியவன் கேட்கவில்லை, அவள்தான் என்ன செய்வாள்? கும்மிடிப்பூண்டி பஸ் வருகிற நேரத்துக்கு ஒரு மூட்டையோடு ஷெட் வாசலுக்கு வந்தாள். ஆதி பானெட்டின் இடது மடலைக் கழற்றிப் பட்டறை மேல் போட்டு, அந்த இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டென்று துணியைப் போட்டு மூடினான்.

"அண்ணன் வந்துக்கிது. போய்ட்டு வரேன்."

"ம்."

"நாளைலேந்து சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"பாத்துக்கறேன்."

அவள் மூட்டையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "வாயில இன்னாடா பட்டி வெச்சு அடைச்சிக்கினியா? வீடு இல்லன்னா இன்னா? ஷெட்டுல வந்து இருப்பியான்னு ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்று கத்தினேன். அவன் துணியை எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். பொட்டு இருந்த இடம் வெள்ளி மாதிரி ஆகிற வரைக்கும் தேய்த்தான். சாயங்காலத்துக்குள் ரெட் ஆக்சைடு அடித்தான். அன்றைக்குக் கையில் காலுறை மாட்டியிருந்தான்.

அந்த மடல் அதற்கப்புறம் ஒரு கொப்புளம் காணவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முத்தம்மாள் அவன் ஷெட்டுக்கும் பொட்டு வைக்கப் போனாள். "வேணாம்மா. சுத்தியல் அதுபாட்டுக்கு அடிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். மத்தியானத்தில் கோபால் கடையில் ரொட்டியும் டீயும். அந்தப் பீப்பாயை மட்டும் வேறு எதற்கும் எடுக்கவிடமாட்டான்.

எழுபத்து நாலில் ஒரு லாரிக்கு எஞ்சின் பார்க்கக் கும்மிடிப்பூண்டி போனேன். அங்கே புதுசு புதுசாகக் கம்பெனி வர ஆரம்பித்திருந்த சமயம். எங்கே பார்த்தாலும் கட்டடம், தூசி. கூலி ஆட்கள் கும்பலுக்கு ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"குப்புராஜு அண்ணே. சௌக்கியமா? முத்தம்மா எப்பிடி கீது?"

சொன்னேன். ஆதியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு நான் கிளம்புகிறபோதுதான் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். ஐயங்கார் வண்டி கெட்டுப்போச்சே, அது நான் வெச்ச பொட்டாலதானே?"

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கா தோணிச்சு. நம்ம ராசி அப்பிடி."

"ராசியாவது மண்ணாவது. நீ வெச்சது பானெட்டுல. கொப்புளம் வந்தது டிரைவர் கதவுல, கைப்பிடிக்குக் கீழ. வேர்வைக் கையோட இவனே புடிச்சிருக்கான். அவனே சொன்னானே, நீ கேக்கலியா? உன் பொட்டு வெச்ச எடத்துல முகம் பாத்துத் தலை வாரலாம், அப்பிடி இருந்துச்சு."

என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பிடின்னா சரி" என்றாள். முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானத்துக்கு இன்னா துண்றாரு?" என்றாள்.

"ரொட்டி."

தலையை ஆட்டிவிட்டுப் பானையிடம் போய்விட்டாள்.

சோழவரம் திரும்பும்போது மணி நாலு. ஆதி ஒரு ஜீப் மட்கார்டைத் துடைத்து முடித்துவிட்டுப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். கலக்குவதை நிறுத்தாமல் கேட்டான்.

"நீ இன்னா சொன்ன?"

"கதவுலதான் வந்துச்சுன்னு சொன்னேன்."

கலக்குகிற கை நின்றது. "நம்பிச்சா?"

"நம்பின மாதிரிதான் இருந்துச்சு. நீ மத்தியானத்துல இன்னா துண்றன்னு கேட்டா."

அவன் பீப்பாய் இருந்த பக்கம் திரும்பினான்.  நான் ஏதாவது சொல்லலாமென்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்றான், காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டே. "ஏரிக் காத்து வருது. இத அடிச்சிடணும்."